உப்புக் காற்றில் ஒரு சாய்தளம்: எங்கள் ஊர் நூலகத்தில் செய்து பார்த்தது

சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் கட்டி முடித்து ஒரு வாடைக்காலமும் ஒரு கச்சான் (மேற்குக் காற்று) காலமும் கடந்துவிட்டன. கைப்பிடியில் இதுவரை துரு எட்டிப் பார்க்கவில்லை. தளம் இறங்கவில்லை, விரிசலும் இல்லை. கடலோர ஊர்களில் நூலகத்துக்கோ பள்ளிக்கோ ரேஷன் கடைக்கோ இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அளவு, செலவு, தடுமாறிய இடங்கள் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில். நூலகம் கடலுக்கு மிக அருகில். நான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், நூலகத்தின் வாசகர் வட்டத்திலும் இருக்கிறேன்.

நூலகத்தில் ஏற்கெனவே ஒரு சாய்தளம் இருந்தது. வாசல் மேடை தரையிலிருந்து 600 மி.மீ. உயரம். அந்தச் சாய்தளத்தின் நீளமோ 3 மீட்டர்தான். அதாவது 5 அடி போவதற்குள் 1 அடி ஏறியாக வேண்டும். அரசு நெறிமுறை சொல்லும் அளவு 12க்கு 1. ஒரு பக்கம் மட்டும் ஸ்கொயர் டியூபில் கைப்பிடி போட்டுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதன் கால்கள் சிமெண்டைத் தொடும் இடத்தில் முழுக்க அரித்து, கையால் அசைத்தால் ஆடின.

எங்கள் தெருவில் ஒரு காக்கா இருக்கிறார் (அண்ணனை இங்கே அப்படித்தான் அழைப்போம்). சங்கு குளித்தவர். கம்ப்ரசர் காற்றை நம்பி ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழாகித் தண்டுவடத்தைத் தாக்கும். அப்படித்தான் இவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. நாள்தோறும் பேப்பர் படிக்க நூலகம் வர ஆசை. வந்தால் இரண்டு பேர் சக்கர நாற்காலியைப் பிடித்து மேலே ஏற்ற வேண்டும். "தனியா ஏறிப் பாத்தேன் தம்பி. முன்சக்கரம் தூக்குது. மல்லாக்க விழுந்துருவனோன்னு பயமா இருக்கு" என்றார். அதன்பிறகு வருவதையே குறைத்துக்கொண்டார்.

புதிதாகக் கட்ட அனுமதி கேட்டு நாங்கள் எழுதிய மனுவைப் பற்றி ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் எல்லோரும் புழங்கும்படி மாற்ற வேண்டும் என்கிறது அதன் 45ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஆக, கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த அளவுகள் வெறும் பரிந்துரையாக இருப்பது போதாது, கட்டாய விதிகளாக வகுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. இவற்றை அப்படியே மனுவில் எழுதினோம். கருணை, உதவி என்ற சொற்களை எங்கும் போடவில்லை. செலவை நாங்கள் ஏற்கிறோம், இந்த அளவில் கட்ட அனுமதி தாருங்கள் என்று ஒரு படமும் வரைந்து இணைத்தோம். படம் இருந்ததால்தான் காரியம் நடந்தது என்று நினைக்கிறேன்.

இடம் பார்த்தல்

600 மி.மீ. ஏற 12 மடங்கு என்றால் 7.2 மீட்டர் ஓட்டம் வேண்டும். வாசலுக்கு நேரே மதில் வரை 5 மீட்டர்தான் இருக்கிறது. அதனால் நேராகப் போடாமல் 'ட' போல மடக்கினோம். பக்க மதிலை ஒட்டி 3.6 மீட்டர் ஏற்றம், மூலையில் ஒன்றரை மீட்டர் சதுரத்தில் ஒரு சமதளம், அங்கே திரும்பி முன்சுவரை ஒட்டி இன்னொரு 3.6 மீட்டர், வாசலில் மறுபடி ஒன்றரை மீட்டர் சமதளம். ஒவ்வொரு ஏற்றமும் 300 மி.மீ. உயர்த்தும். மூலைச் சமதளத்தில் நாற்காலியைத் திருப்பவும் முடியும், மூச்சு வாங்கவும் முடியும்.

அகலத்தைக் கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே 1500 மி.மீ. என்று வைத்தோம். சக்கர நாற்காலி 650 மி.மீ. இருக்கும், பக்கத்தில் ஒருவர் நடந்து வரலாம், குழந்தையைத் தூக்கி வரும் அம்மாவும் எதிரே இறங்கலாம். சுவர், கைப்பிடி எல்லாவற்றையும் சேர்த்தால் வெளி அளவு 1.9 மீட்டருக்கு வந்தது. படம் வரைவதற்கு முன்பு சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டு, காக்காவை அதற்குள் ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். மூலையில் ஒரே மூச்சில் திரும்பினார். அதன்பிறகுதான் வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டினோம்.

பனம்பலகையில் செய்தால் சீக்கிரம் முடியுமே என்று ஒருவர் கேட்டார். 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே போக மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். மணலில் பாதை போட மரம் நல்ல யோசனைதான், சேதமானால் பலகையை மாற்றுவதற்கு அங்கே ஆள் உண்டு, நிதியும் உண்டு. எங்களுக்கு அந்த வசதி இல்லை.

கட்டு வேலை

கடலோரத்தில் கம்பி கட்டிய கான்கிரீட்டைவிடக் கம்பியே இல்லாத கட்டு நல்லது என்பது என் எண்ணம். உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து ஊதினால் கான்கிரீட் பிளந்துவிடும். சாய்தளம் தரைமேல் உட்காருவது, அந்தரத்தில் நிற்பதில்லை. கம்பிக்கு வேலையே இல்லை. அதனால் இரண்டு பக்கமும் சாலிட் பிளாக்கில் சுவர் எழுப்பி, நடுவே கிராவல் நிரப்பி, மேலே 100 மி.மீ. கான்கிரீட் போடுவது என்று முடிவு செய்தோம்.

கிராவலை மொத்தமாகக் கொட்டக் கூடாது. அரை அடிக்கு ஒரு அடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். நிரப்பிய பிறகு கொஞ்ச நாள் அப்படியே விட்டோம். மூலையில் ஒரு விரற்கடை இறங்கியது. மறுபடி நிரப்பி இடித்தோம். அவசரப்பட்டுக் கான்கிரீட் போட்டிருந்தால் அந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கும்.

தண்ணீர்தான் பெரிய பாடு. நூலகக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். அதில் கலவை போடவும் கூடாது, கட்டியதை நனைக்கவும் கூடாது. லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியில் ஊற்றி வைத்தோம். கடல் மணலை யாரும் தொடவில்லை, எம்-சாண்ட் மட்டுமே. நனைப்பதற்குச் சாக்கை விரித்து அதன்மேல் தெளித்ததால் தண்ணீர் மிச்சமானது.

சரிவு சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. 1200 மி.மீ. நீளத்தில் நேரான அலுமினியப் பட்டை ஒன்று எடுங்கள். அதன் ஒரு முனையின் அடியில் 100 மி.மீ. உயரக் கட்டை ஒன்றைக் கட்டுங்கள். கட்டை உள்ள முனை பள்ளத்தின் பக்கம் இருக்கும்படி சரிவில் வையுங்கள். மேலே ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். நின்றால் 12க்கு 1. பள்ளத்துப் பக்கத்தைவிட மேட்டுப் பக்கம் தூக்கலாக இருந்தால் சரிவு கூடிவிட்டது என்று அர்த்தம். கொத்தனார் டியூப் லெவலில் இரண்டு முனைகளையும் குறித்து நூல் கட்டியிருந்தார், ஆனால் நூல் நடுவில் தொய்ந்ததில் முதல் ஏற்றத்தின் பாதியில் ஒரு பள்ளம் விழுந்தது. இந்தப் பட்டையை வைத்துப் பார்த்ததில்தான் தெரிந்தது. ஈரமாக இருக்கும்போதே கலவை போட்டு நிரவினோம். 12க்கு 1 என்பது மொத்தத்துக்குச் சராசரியாக இருந்தால் போதாது. ஒரு மீட்டர் மட்டும் 8க்கு 1 ஆக இருந்தாலும் நாற்காலி அங்கேயே நின்றுவிடும்.

மேற்பரப்பை வழவழவென்று தேய்த்து முடிப்பதுதான் கொத்தனாருக்குப் பெருமை. அவரைச் சம்மதிக்க வைக்கப் பேச வேண்டியிருந்தது. கான்கிரீட் இறுகத் தொடங்கும்போது ஈர்க்குமாற்றைக் குறுக்கே இழுத்து வரி வரியாக விட்டோம். நீளவாக்கில் இழுத்தால் சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது. பக்க ஓரங்களில் சக்கரம் வெளியே போகாமல் இருக்க 100 மி.மீ. உயரத் திண்டு வைத்தோம்.

இந்தத் திண்டு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. கச்சான் காற்று எழும்பியதும் பறக்கும் மணல் முழுக்க இந்தத் திண்டுகளுக்கு நடுவே வந்து தங்கியது. மூலைச் சமதளத்தில் சக்கரம் புதைகிற அளவுக்கு மணல். பிறகு கிரைண்டர் பிடித்து, திண்டின் அடியில் மீட்டருக்கு ஒன்றாக 75 மி.மீ. அகலத்தில் வாய் திறந்தோம். இப்போது மழைத்தண்ணீரும் மணலும் ஓரளவு தானே வெளியேறுகின்றன. மீதியைக் கூட்டத்தான் வேண்டும். கட்டும்போதே பிளாக்குகளுக்கு நடுவே இடைவெளி விட்டு வைத்திருந்தால் கிரைண்டர் வேலையே இல்லை.

சாய்தளம் தயார் என்று காக்காவைக் கூப்பிட்டபோது அவர் ரோட்டிலிருந்து சாய்தளத்துக்கே வர முடியவில்லை. ரோட்டுக்கும் சாய்தளத்தின் காலடிக்கும் நடுவே 6 மீட்டர் பொடி மணல். முன்சக்கரங்கள் இரண்டும் அதில் குத்தி நின்றன. வரைபடத்தில் அந்த 6 மீட்டரும் வெள்ளையாக, 'காலி இடம்' என்று இருந்தது. முதலில் பேவர் பிளாக் பதித்தோம். ஓரத்தில் பிடிப்பு இல்லாததால் முதல் பெரிய மழையிலேயே கற்கள் விலகிப் பள்ளமும் மேடுமாகிவிட்டன. அவற்றை எடுத்துவிட்டு ஒன்றரை மீட்டர் அகலத்தில் கான்கிரீட் பட்டையாகவே போட்டோம். பாதை என்றால் ரோட்டிலிருந்து புத்தக அலமாரி வரைக்கும் பாதை. இடையில் ஓரடி விட்டுப்போனாலும் மீதி அத்தனையும் வீண்.

கைப்பிடி

அளவுகளுக்கு ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறையைப் பார்த்தோம். மேல் கம்பி 900 மி.மீ. உயரத்தில், கீழ்க் கம்பி 760இல். நிற்பவருக்கு மேலது, உட்கார்ந்திருப்பவருக்கும் பிள்ளைகளுக்கும் கீழது. குழாயின் விட்டம் 38இலிருந்து 45 மி.மீ.க்குள். சுவருக்கும் குழாய்க்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி. சரிவு தொடங்குவதற்கு 300 மி.மீ. முன்னாலும் முடிந்து 300 மி.மீ. தாண்டியும் கைப்பிடி நீள வேண்டும். கண் தெரியாதவர் கால் வைக்கும் முன்பே கையால் அறிந்துகொள்வதற்குத்தான் அந்த நீட்டம்.

எந்த இரும்பில் செய்வது? பெயின்ட் அடித்த இரும்பு இந்தக் கரையில் தாங்காது என்பதைப் பழைய கைப்பிடியே காட்டியது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு விலை கேட்டதில் 48,000 ரூபாய் சொன்னார்கள். கடல் காற்றில் 304 கூடப் பழுப்புப் புள்ளி விடும், 316தான் தாங்கும், அதற்கு ஒன்றரை மடங்கு விலை. ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்பு) மலிவு, ஆனால் வெல்டிங் வைத்த இடங்களில் துத்தநாகம் எரிந்துவிடுவதால் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும்.

படகுக்குப் பைபர் (கண்ணாடி இழையும் ரெசின் என்ற பிசினும் சேர்ந்த உறை) ஒட்டும் மெக்கானிக் ஒருவர் பட்டறைக்கு வந்திருந்தபோது இதைப் பேசினோம். வள்ளத்தை வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறோம், கைப்பிடிக்கு என்ன வந்தது என்றார். பலத்துக்கு ஜி.ஐ. குழாய், அதற்குச் சட்டையாகப் பைபர். 25 மி.மீ. ஜி.ஐ. குழாயின் வெளி விட்டம் 33.7 மி.மீ. இரண்டு சுற்றுப் பைபரும் மேல்பூச்சும் சேர்ந்தால் 39, 40 வரும். நெறிமுறை கேட்கும் அளவுக்குள் சரியாக உட்காரும்.

முதலில் ஒரு சிறு துண்டில் செய்து பார்த்தோம். புதுக் குழாய், எண்ணெய்ப் பிசுக்கும் வழவழப்பும் அப்படியே இருந்தன. மறுநாள் சுத்தியலால் தட்டினால் 'தொட தொட' என்று வெற்றுச் சத்தம். உறை குழாயோடு ஒட்டவே இல்லை. அடுத்த துண்டைத் தின்னரால் துடைத்து, 40 நம்பர் உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டி, வெல்டிங் இடங்களில் ஜிங்க் பெயின்ட் பூசிக் காயவிட்டு அப்புறம் சுற்றினோம். தட்டினால் கெட்டிச் சத்தம் வந்தது.

வரிசை முக்கியம். நிற்கும் கால்களின் அடிப்பகுதி 450 மி.மீ.யைப் பட்டறையிலேயே பைபரால் சுற்றி முடித்துவிட்டுத்தான் கான்கிரீட்டில் நட்டோம். துரு தொடங்குவது சிமெண்டும் காற்றும் சேரும் அந்த வளையத்தில்தான். உறை அந்த வளையத்துக்கு மேலும் கீழும் போக வேண்டும். கால்கள் 1.2 மீட்டருக்கு ஒன்று. பிறகு கிடைக் குழாய்களை அந்த இடத்திலேயே வெல்டிங் செய்து, மீதிப் பகுதியைச் சுற்றினோம். குழாயைக் காலின் மேல் நேராக வைக்காமல், 12 மி.மீ. கம்பியை வளைத்து அடியிலிருந்து தாங்கும்படி வைத்தோம். அப்போதுதான் கையை எங்கும் எடுக்காமல் கீழிருந்து மேல்வரை ஓட்டிக்கொண்டே போகலாம். குழாய்களின் வாயை மூடி போட்டு வெல்டிங் அடித்து அடைத்தோம். திறந்து விட்டால் உள்ளிருந்து அரிக்கும்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை (கண்ணாடி இழைப் பாயை) நான்கு அங்குலப் பட்டைகளாக வெட்டி, பாதிக்குப் பாதி மேலேறும்படி சாய்வாகச் சுற்றினால் ஒரே ஓட்டத்தில் இரண்டு அடுக்கு வந்துவிடும். ரெசினைப் பிரஷால் குத்திக் குத்தி ஏற்ற வேண்டும், தேய்த்தால் நார் கலைந்துவிடும். வெள்ளையாக எங்கே தெரிகிறதோ அங்கே காற்று இருக்கிறது. ரெசினை இறுக்கும் ஹார்டனர் 100க்கு 1 அளவுதான். உச்சி வெயிலில் 2 கலந்த கலவை டப்பாவிலேயே இறுகிச் சூடேறிப் புகைந்தது. காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு தொடங்கி, வெயில் ஏறும் முன் முடிப்பது உத்தமம். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலந்து, அதன்பிறகு ஹார்டனரை விட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடவில்லை.

மேல்பூச்சான ஜெல்கோட்டில் ஒரு சிக்கல். படகு கட்டும்போது ஜெல்கோட் அச்சைத் தொட்டுக்கொண்டு காய்கிறது. இங்கே அச்சு இல்லை, காற்று படுகிறது. காற்றுப் பட்ட ஜெல்கோட் மேலே பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். நின்றது. அன்று வீசிய காற்றில் மணல் வந்து முழு நீளத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அத்தனையையும் தேய்த்து எடுத்துவிட்டு, அடுத்த பூச்சில் மெழுகுக் கரைசல் கலந்தோம். மெழுகு மேலே மிதந்து படலமாகி, காற்றை மறைத்துவிடும். அதன்பிறகு நன்றாகக் காய்ந்தது.

பைபரில் இன்னொரு ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத முள். கையை அழுத்தி இழுத்துக்கொண்டு போகிற இடம் இது. நாற்காலிக்காரருக்கும் கண் தெரியாதவருக்கும் கைதான் எல்லாம். 120, 220, 400 என்று உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தோம். பிறகு ஒரு பஞ்சுருண்டையைக் குழாய் நெடுகிலும் இழுத்துப் பார்த்தோம். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு நூலாகச் சிக்கி நிற்கும். நின்ற இடத்தில் மறுபடி தேய்ப்பு. பஞ்சு வழுக்கிக்கொண்டு போனபிறகு பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருத்தி வந்து தொட்டுப் பார்த்தாள். நாங்கள் பார்க்காத ஒரு முடிச்சைக் கீழ்க் கம்பியின் அடிப்பக்கத்தில் கண்டுபிடித்தாள். "அண்ணே, கம்பி முடியப்போகுதுன்னு எப்படித் தெரியும்?" என்றும் கேட்டாள். ஒவ்வொரு முனைக்கும் 150 மி.மீ. முன்னால் ஜெல்கோட்டில் மூன்று சிறு மேடுகள் வைத்தோம். இது எந்த நெறிமுறையிலிருந்தும் எடுத்ததில்லை.

நிறத்துக்கு முதலில் வெள்ளைதான் நினைத்தோம், வெயிலில் சுடாது என்று. சுவரும் வெள்ளை. பார்வை மங்கியவருக்குக் கம்பியும் சுவரும் ஒன்றாகத் தெரியும். கருநீலம் எடுப்பாகத் தெரியும், ஆனால் நண்பகலில் கை வைக்க முடியாது. மஞ்சளில் நின்றோம். தொடக்கத்திலும் முடிவிலும் கண் தெரியாதவர் காலால் அறியும்படி புள்ளி வைத்த மஞ்சள் டேக்டைல் ஓடுகளை, சரிவுக்கு 300 மி.மீ. தள்ளிப் பதித்தோம்.

வாசலும் உள்ளேயும்

கதவு இரட்டைக் கதவு. ஒன்றை மட்டுமே திறந்து வைப்பார்கள், 480 மி.மீ. வழி. மற்றதன் அடித் தாழ்ப்பாள் துருவேறி வருஷக்கணக்காகத் திறக்கவே இல்லை. பித்தளைத் தாழ்ப்பாள் மாற்றியதும் 960 வந்துவிட்டது, கேட்கப்படும் அளவு 900. கதவு நிலையின் கீழ்ச்சட்டம் 40 மி.மீ. எழும்பியிருந்தது. அதை அறுத்து எடுத்துவிட்டு, மழைத்தண்ணீருக்காக 10 மி.மீ. சரிவுப் பட்டை ஒன்றைப் பதித்தோம். வாசிப்பு மேசை ஒன்றின் முன்சட்டத்தைக் கழற்றியதும் நாற்காலியோடு முழங்கால் உள்ளே போனது.

கணினியும் இதில் சேர்த்திதான். சட்டம் கட்டடத்தோடு தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது, அதற்கென்று இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது, ஐ.எஸ். 17802. நூலகக் கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவினோம். அதோடு வரும் ஈ-ஸ்பீக் தமிழும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமாக இருந்தாலும் அந்த மாணவிக்கு அது போதும், அவள் கேட்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் புத்தகப் பட்டியலைத் திறந்தால் தாறுமாறாக ஆங்கில எழுத்துகளை உளறியது. பட்டியலைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். திரையில் நமக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கிலக் குறியீடுதான். என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினோம். சில கொம்புகளும் கால்களும் இடம் மாறி விழுந்ததால் கையால் திருத்த வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அறிவிப்பு தட்டச்சு செய்யும் ஒவ்வொருவரும் இதைக் கவனித்தால், சாய்தளத்துக்கு ஆகும் செலவில் ஒரு ரூபாய் கூட ஆகாமல் எத்தனையோ பேருக்கு வழி திறக்கும்.

செலவு

பிளாக் 7,600. கிராவல் 8,400. சிமெண்ட் 25 மூட்டை 9,000. எம்-சாண்டும் ஜல்லியும் 9,500. லாரித் தண்ணீர் 2,400. கொத்தனார், சித்தாள் கூலி 24,000. ஜி.ஐ. குழாய் 14,500, வெல்டிங் ராடும் ஜிங்க் பெயின்ட்டும் 2,600. ரெசின், மேட், ஜெல்கோட் வகைக்கு 7,800, பைபர் மெக்கானிக்குக்கு 6,000. டேக்டைல் ஓடு 800. கதவு 1,900, மேசை 600, ஹெட்போன் 700. மொத்தம் 95,800 ரூபாய். வெல்டிங் கூலி கணக்கில் இல்லை, பேவர் பிளாக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பணம் வாசகர் வட்டமும் வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்களும் போட்டது. இது அரசு செய்ய வேண்டிய வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தக் கணக்கை அடுத்த கிராம சபையில் வைக்கப் போகிறோம், பக்கத்து அங்கன்வாடிக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் இதே அளவில் நிதி ஒதுக்கச் சொல்லி.

அடுத்த முறை என்றால்

சரிவை 12க்கு 1 என்று வைக்காமல், இடம் இருந்தால் 15க்கு 1 வைப்பேன். காக்காவின் தோள் வலுவான தோள். அவரே கச்சான் எதிர்க்காற்றில் இரண்டாவது ஏற்றத்தை ஒருமுறை நின்றுதான் முடிக்கிறார். வயதானவர் தனியாக வந்தால் சிரமம். பக்கத் திண்டுக்குப் பதிலாக, தரையிலிருந்து 50 மி.மீ. தூக்கி ஒரு குழாய் போடுவேன், மணல் அடியில் ஓடிவிடும். ஜெல்கோட்டில் முதல் பூச்சிலிருந்தே மெழுகு கலப்பேன்.

கழிப்பறை மிச்சமிருக்கிறது. உள்ளே 1.2க்கு 1.5 மீட்டர், நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும், அதனால் ஒரு சுவரை வெளியே தள்ளியாக வேண்டும். கதவு 750 மி.மீ., உள்பக்கம் திறக்கிறது. 900 ஆக்கி வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற வேண்டும். பிடிகம்பியை இதே பைபர் முறையில் செய்யலாம், ஆனால் அது ஆளின் முழு எடையையும் தாங்க வேண்டும். சுவரைத் தட்டினால் பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. ஆங்கர் போல்ட் பிடிக்குமா, சுவருக்குப் பின்னால் தகடு வைத்து முடுக்க வேண்டுமா என்பதை ஒரு துளை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழாய் வாங்கப் போகிறேன்.